அறுநூறு படிகள்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது என்பதெல்லாம் நமக்கு நெட்டுரு. ஆனால் மனிதன் எப்படி உட்கார்ந்தான், எவ்வளவு நடந்தான், எதைப் புகைத்தான், அதனால் எந்த வயதில் நோயில் விழுந்தான் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் லண்டன் மாநகரத்தின் சிவப்பு மாடி பஸ்களில் நடந்தது. அதில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களும் சக்கரம் பிடித்த டிரைவர்களும்தான் கதாபாத்திரங்கள்.

உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகாது என்பதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்து வைத்தியப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்திருக்கும் தையற்காரர்களுக்காகவும் செருப்புத் தைப்பவர்களுக்காகவும் இரக்கப்பட்டு, விடுமுறை நாட்களிலாவது அவர்கள் உடம்பை அசைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அது ஓர் அநுபவசாலியின் அபிப்பிராயம். பாட்டி சொல்லும் புத்திமதிக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நிரூபணம் வர இன்னும் இருநூற்றைம்பது வருஷம் ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம்? பழக்கத்தால் வரும் நோய்க்கு ஒரு குணம் உண்டு. அது அவசரப்படுவதே இல்லை. காலரா வந்தால் கெட்ட தண்ணீர் குடித்த சில நாட்களுக்குள்ளேயே ஆள் படுத்துவிடுகிறான். காரணமும் காரியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இருதய நோயோ இருபது வருஷம், முப்பது வருஷம் காத்திருக்கிறது. கதை எழுதுகிற எனக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரிகிறது. முதல் அத்தியாயத்தில் பாலில் கலந்த விஷம் நாற்பதாவது அத்தியாயத்தில்தான் வேலை செய்தது என்று எழுதினால் எந்த வாசகர் நம்புவார்? அதற்குள் கதாநாயகன் ஆயிரம் வேளை சாப்பிட்டிருப்பான். எந்த வேளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் இந்தக் கேள்வி அவசரமான கேள்வியாகிவிட்டது. நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஆபீசுக்குப் புறப்பட்ட மனிதர், நேற்று வரை ஒரு தலைவலி கூட இல்லாதவர், வாசற்படியிலேயே சாய்ந்துவிடுவார். இது உண்மையிலேயே பெருகி வருகிற நோயா, அல்லது முன்பும் இருந்ததை இப்போதுதான் வைத்தியர்கள் பெயரிட்டுச் சொல்லுகிறார்களா என்பதே முதல் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைக் கையில் எடுத்துக் கொண்டவர் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். 1910-ல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோ நகரத்தில் வளர்ந்தவர். போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பம். சிறு பிள்ளையாக இருந்தபோது தகப்பனார் அவரை நாலு மைல் நடக்க அழைத்துப் போவாராம். ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடித்துவிட்டால் ஐஸ்கிரீம் உண்டு. பிற்காலத்தில் உலகத்துக்கே நடக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைத்திருக்க முடியாது. இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவ வைத்தியராக இந்தியாவிலும் இருந்திருக்கிறார். யுத்தம் முடிந்ததும், 1948-ல் தொடங்கிய சமூக வைத்திய ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார்.

மாரிஸ் முதலில் போனது பழைய ரிக்கார்டு அறைக்கு. லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பரிசோதித்து எழுதி வைத்த குறிப்புகள் 1907-லிருந்து 1949 வரை இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. இருதய இரத்தக் குழாய்கள் அடைபட்டு மாரடைப்பால் இறந்தவர்களின் தொகை அந்த நாற்பது ஆண்டுகளில் பல மடங்கு ஏறியிருந்தது. ஆனால் அந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து தடித்துப் போகும் கோளாறு அதிகமாகவில்லை. தாத்தாவின் குழாயிலும் அழுக்கு இருந்தது, பேரனின் குழாயிலும் இருந்தது. தாத்தா அதோடு வாழ்ந்துவிட்டுப் போனார், பேரன் ஐம்பது வயதில் செத்தான். அப்படியானால் இருவருக்கும் இடையில் வாழ்க்கையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். மாறியது என்ன?

தொழிலைப் பார்ப்போம் என்று தீர்மானித்தார் மாரிஸ். பஸ்காரர்கள், தபால் இலாகாக்காரர்கள் என்று பல உத்தியோகங்களில் இருந்தவர்களின் நோய்க் கணக்குகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். முதலில் வந்து சேர்ந்தது லண்டன் போக்குவரத்துக் கணக்கு.

வாசகர்கள் அந்தக் காலத்து லண்டன் பஸ்ஸைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு தட்டு. முன்னால் ஒரு சின்ன கூண்டு. அதில் டிரைவர் தனியாக உட்கார்ந்திருப்பார். பிரயாணிகளோடு பேச்சு வார்த்தை கிடையாது. வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவர் ஆசனத்திலேயே கழிந்தது. பின்னால் கதவில்லாத திறந்த மேடை. அங்கிருந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. கண்டக்டர் கையில் டிக்கெட் பலகையும் தோளில் காசுப் பையுமாகக் கீழ்த்தட்டில் ஒரு சுற்று, மேல்தட்டில் ஒரு சுற்று, மறுபடி கீழே என்று ஓயாமல் ஏறி இறங்கிக் கொண்டிருப்பார். ஒரு நாளைக்குச் சுமார் அறுநூறு படிகள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே மூடுபனி. ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிச் சாப்பாடு. வித்தியாசம் ஒன்றுதான்: ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் ஏறினார்.

சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஆராய்ச்சிக்கு உட்பட்டார்கள். எல்லோரும் 35-லிருந்து 64 வயதுக்குள் உள்ள ஆண்கள். 1949, 1950 ஆண்டுகளின் கணக்கைப் போட்டுப் பார்த்ததில், வருஷத்துக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கு இருதய நோய் வந்திருந்தது. ஆயிரம் கண்டக்டர்களில் 1.9 பேருக்குத்தான் வந்திருந்தது. வந்தாலும் கண்டக்டர்களுக்குச் சற்று வயதான பிறகே வந்தது. பலருக்கு நெஞ்சு வலி என்ற எச்சரிக்கையாக வந்தது. வந்த உடனேயே உயிரைக் கொண்டு போவது டிரைவர்களைவிட அவர்களிடம் வெகு குறைவு.

2.7, 1.9 என்ற எண்களைப் பார்த்து, “பூ, இவ்வளவுதானா?” என்று தோன்றலாம். ஆளில் பாதி, கால் என்று கணக்கிடுவது புள்ளிவிவரக்காரர்களின் பாஷை. நாம் பத்தாயிரம் பேர் என்று வைத்துக் கொள்வோம். டிரைவர்களில் 27 பேர். கண்டக்டர்களில் 19 பேர். வித்தியாசம் எட்டுப் பேர். ஒவ்வொரு வருஷமும் எட்டுப் பேர்.

அந்த எட்டுப் பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நோயில் விழுந்தவனுக்குப் பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் சீட்டு உண்டு. அழ ஒரு மனைவி உண்டு. கதை எழுதவும் விஷயம் உண்டு. விழாமல் தப்பிய எட்டுக் கண்டக்டர்களுக்குப் பெயர் கிடையாது. யார் அந்த எட்டுப் பேர் என்று மாரிஸாலும் சொல்ல முடியாது. தாங்கள் தப்பியது அவர்களுக்கே தெரியாது. அன்றைக்கும் முழங்கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக் கொண்டுதான் மேல்தட்டுக்கு ஏறியிருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளை அதட்டியிருப்பார்கள். வராத நோயைப் பற்றி எந்தக் காவியமும் பாடப்படவில்லை. நாவலாசிரியர்களாகிய நாங்கள் இந்த விஷயத்தில் உலகத்துக்கு உபகாரம் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டிலில் படுத்து இருமுகிற கதாநாயகி எங்களுக்கு வேண்டும். காலையில் எழுந்து நடந்துவிட்டு வருகிற கதாநாயகி வேண்டாம்!

கணக்கு கிடைத்தவுடனே மாரிஸ் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவில்லை. அவருடைய பெருமை இங்கேதான் இருக்கிறது. டிரைவருக்கு நோய் அதிகம் என்றால் உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? லண்டன் நெரிசலில் சக்கரம் பிடிப்பது என்ன சாமானியமான காரியமா? அந்தக் கவலையே இருதயத்தைத் தின்றிருக்கலாமே? ஆகவே தபால் இலாகாவின் கணக்கு வரும் வரை காத்திருந்தார். அங்கே பஸ்ஸும் இல்லை, நெரிசலும் இல்லை. தெருத் தெருவாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுக்கிற தபால்காரர்கள் ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற குமாஸ்தாக்களும் டெலிபோன்காரர்களும் இன்னொரு பக்கம். அங்கும் அதே கதைதான். நடந்தவர்களுக்கு நோய் குறைவு, உட்கார்ந்தவர்களுக்கு அதிகம். அதற்குப் பிறகே, 1953-ல், ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில் கட்டுரை வெளிவந்தது.

அந்த நாளில் மாரடைப்பு வந்தவரை வாரக் கணக்கில் படுக்கையில் அசையாமல் கிடத்துவதே வைத்திய முறை. இருதயம் தேய்ந்துபோகும் யந்திரம். அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பது பொது நம்பிக்கை. அப்படிப்பட்ட காலத்தில், “படி ஏறினவன்தான் பிழைத்தான்” என்று ஒருவர் சொன்னால் சும்மா விடுவார்களா? நம்பாதவர்கள் அநேகம் பேர். இரண்டு வருஷம் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு வந்தது. அவருக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் பால் டட்லி ஒயிட், தாமே சைக்கிள் மிதிப்பதில் பிரியமுள்ளவர். உடம்பை உழைக்கச் செய்வது இருதயத்துக்கு நல்லது என்று அவர் எடுத்துச் சொன்னபோது ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். லண்டன் கண்டக்டர்கள் நிரூபித்த விஷயம் செலாவணியாவதற்கு ஒரு ஜனாதிபதியின் நோய் வேண்டியிருந்தது.

ஆனால் மாரிஸுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. ஒல்லியான சுறுசுறுப்பான ஆள் கண்டக்டர் வேலைக்கும், பருத்த ஆள் டிரைவர் வேலைக்கும் முதலிலேயே போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போது படிக்கட்டுக்குப் புகழ் ஏது? இதற்கு விடை கண்டுபிடித்த விதம் எந்தத் துப்பறியும் கதைக்கும் குறைந்ததல்ல. போக்குவரத்து நிர்வாகம் தன் சிப்பந்திகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து வந்தது. தையற்காரர்கள் எடுத்த அளவுகள் எல்லாம் கணக்கில் பத்திரமாக இருந்தன. ஆயிரக்கணக்கான கால்சட்டைகளின் இடுப்பு அளவு! மாரிஸின் கூட்டத்தார் அதை எடுத்துவைத்துக் கொண்டு, 1956-ல் சீருடைகளைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பைவிடப் பெரியதாகத்தான் இருந்தது. அதுவும் இளம் வயதிலிருந்தே அப்படித்தான்.

சந்தேகம் உண்மையாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் அந்தக் கால்சட்டைக் கணக்கைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார். தம்முடைய முடிவுக்கு எதிரான சாட்சியைத் தாமே தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்றியவர் மாரிஸ். பிறகு மேலும் விசாரித்தார். ஒல்லியான டிரைவரை ஒல்லியான கண்டக்டரோடும், பருத்த டிரைவரைப் பருத்த கண்டக்டரோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும், திடீர் மரணம் கண்டக்டர்களிடம் குறைவாகவே இருந்தது. பருமனும் ஒரு காரணந்தான். ஆனால் படிக்கட்டின் பங்கு அதனால் அழிந்துபோகவில்லை.

1958-ல் இன்னொரு சாட்சி கிடைத்தது. பிரிட்டனில் இருநூறுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து பிரேத பரிசோதனைக் குறிப்புகளை வரவழைத்துப் பார்த்தார்கள். உடலுழைப்புள்ள தொழில் செய்தவர்களின் குழாய்ச் சுவர்களிலும் மற்றவர்களுக்கு உள்ளது போலவே கொழுப்புப் படிந்திருந்தது. ஆனால் அதனால் இருதயத் தசையில் விழும் தழும்புகள் அவர்களுக்குக் குறைவு. பழைய ரிக்கார்டு அறையில் எழுந்த கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைத்தது. உழைப்பு குழாயைப் புதிதாக்கிவிடவில்லை. பழைய குழாயோடு வாழும் வலிமையை இருதயத்துக்குக் கொடுத்தது.

இதே ஆண்டுகளில் இதே லண்டனில் இன்னொரு பழக்கமும் விசாரணையில் இருந்தது. ரிச்சர்ட் டால் என்ற டாக்டரும் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளிவிவர நிபுணரும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் தேடினார்கள். தெருவுக்குப் போடும் தாராக இருக்குமோ, மோட்டார்ப் புகையாக இருக்குமோ என்று ஆரம்பத்தில் நினைத்த டால், கணக்கு விரிய விரியச் சிகரெட்டின் பக்கம் விரல் நீளுவதைக் கண்டு தாமே சிகரெட்டை விட்டுவிட்டார். 1950-ல் முதல் கட்டுரை வந்தது. 1951-ல் பிரிட்டனின் டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, பதில் எழுதிய சுமார் 40,000 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 2004-ல் ஐம்பது வருஷக் கணக்கை டால் வெளியிட்டபோது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழந்தார்கள். அறுபது வயதில் விட்டவர் மூன்று வருஷத்தையும், ஐம்பதில் விட்டவர் ஆறு வருஷத்தையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது வருஷத்தையும் மீட்டுக்கொண்டார். முப்பதில் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். எந்தக் கடன்காரனும் இவ்வளவு தாராளமாகத் தவணை கொடுத்ததில்லை.

மாரிஸின் கதைக்குத் திரும்புவோம். பஸ்ஸும் தபாலும் தொழில் சார்ந்தவை. உலகமோ மேன்மேலும் நாற்காலிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தவிர வேறு கதி இல்லாதவர்கள் என்ன செய்வது? இதை அறிய அவர் பிரிட்டிஷ் சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தேர்ந்தெடுத்தார். 40-லிருந்து 64 வயதுள்ள சுமார் 17,000 ஆண்கள். எல்லோருக்கும் மேஜை வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில், போன வெள்ளியும் சனியும் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். சிலர் தோட்டத்தில் மண் வெட்டியிருந்தார்கள், சிலர் நீந்தியிருந்தார்கள், சிலர் வேகமாக நடந்திருந்தார்கள், பலர் ஒன்றும் செய்யவில்லை. 1973-ல் முடிவு வெளியாயிற்று. மூச்சு வாங்கும்படி உடம்பை உழைக்கச் செய்தவர்களுக்கு இருதய நோய் வரும் அபாயம் மற்றவர்களுக்கு உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நாற்காலியில் பிழைப்பு நடத்தும் என் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல். தொழிலை மாற்ற வேண்டியதில்லை. மாலை நேரத்தை மாற்றினால் போதும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தியும் இருக்கிறது. 2004-ல் 52 தேசங்களில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. அதைத் தலைமை தாங்கி நடத்திய டாக்டர் சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர். புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனக்கவலை முதலியவற்றோடு, காய்கனி உண்ணாமை, உடம்பை அசைக்காமை, குடி விஷயம் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது அம்சங்களே மாரடைப்பு அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. அதே ஆராய்ச்சியின் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. நம் தெற்காசிய ஜனங்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற தேசத்தாரைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது. அதற்குக் காரணம் தலையெழுத்தன்று. அந்த ஒன்பது அம்சங்களில் கெட்டவை நம்மிடம் இள வயதிலேயே குடியேறிவிடுவதுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நோய் வந்தவனெல்லாம் தன் சோம்பலால் கெட்டவன்” என்று யாராவது தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டால் அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்த டிரைவர் சோம்பேறியா? அவர் உட்கார்ந்தது ஊரைச் சுமந்து போவதற்காக. அந்தக் கண்டக்டர் ஆரோக்கியம் தேடிப் படி ஏறினாரா? அவர் ஏறியது சம்பளத்துக்காக. நாம் “பழக்கம்” என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பெரும் பகுதியை வேலையும் தெருவும் கூலியும் சேர்ந்து நமக்குத் தைத்துப் போடுகின்றன, அந்தச் சீருடையைப் போலவே. மாரிஸ் இதை மறக்காதவர். தொண்ணூறு வயதை எட்டிய சமயத்தில், 2000-ல், ஒரு மனிதன் ஆரோக்கியமாக வாழ வாரத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பணம் வேண்டும் என்று சகாக்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, உடற்பயிற்சிக்கு ஆகும் செலவு, நாலு பேரோடு பழகுவதற்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் அதில் சேர்த்தார். நடக்கச் சொன்னவர், நடப்பவன் வயிற்றைப் பற்றியும் யோசித்தார்.

தாம் சொன்னதைத் தாமே செய்தும் காட்டினார். 1960-களில் லண்டனில் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் புல்வெளியில் அவர் கோட்டைக் கழற்றிச் சின்ன மகன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவாராம். பார்த்தவர்கள், யாரோ பைத்தியம் என்று நினைத்தார்கள். 1996-ல் ஒலிம்பிக் சங்கம் விளையாட்டு விஞ்ஞானத்துக்காக முதன்முதலாக அளித்த பரிசு அவருக்கும், அமெரிக்காவில் இதே துறையில் உழைத்த ரால்ஃப் பாஃபென்பார்கருக்கும் கிடைத்தது. 2009 அக்டோபரில், தொண்ணூற்றொன்பதாவது வயதில், மாரிஸ் காலமானார்.

அதற்கு நாலு வருஷம் முன்பே, 2005 டிசம்பரில், பின்மேடையும் கண்டக்டரும் உள்ள பழைய மாடி பஸ்கள் லண்டனில் வழக்கமான ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. டிக்கெட் கொடுக்க ஆள் தேவையில்லை என்றாகிவிட்டது. அறுநூறு படி ஏறும் உத்தியோகம் அந்த ஊரில் இன்று இல்லை. சம்பளத்தோடு சேர்த்து ஆயுளையும் கொடுக்கிற உத்தியோகங்கள் நம் ஊரிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டுதான் வருகின்றன. கிணற்று ராட்டினமும் ஆட்டுக்கல்லும் போன இடத்துக்குத் தபால் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கிறது. அவை போகட்டும்; அவற்றால் பட்ட கஷ்டத்தைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அவை கொடுத்து வந்த அசைவை இனி நாமேதான் தேடிக் கொள்ள வேண்டும். வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நாளொன்றுக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். ஒரு தொடர்கதை அத்தியாயத்தை வாசிப்பதற்கு ஆகிற நேரம்.

தொடர்கதை வாசிப்பதை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அது என் பிழைப்பு. முதலில் நடந்துவிட்டு வந்து பிறகு வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக் கொள்ளுகிறேன். வாசகர்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்பதில் எழுத்தாளனுக்கும் கொஞ்சம் சுயநலம் உண்டு.